வாத்தியார் முதலில் பாடட்டும்

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காக எங்களுக்குக் கோஷ்டி கானம் பழக்கினார்கள். பாட்டு வாத்தியார் வரிசையாக ஒவ்வொரு பையனின் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. விழா நன்றாக நடக்கவேண்டுமே என்ற கவலை அவருக்கு. ஆனால் அன்று மூடிய என் வாய் நாலு பேர் நடுவில் இன்றுவரை பாடத் திறக்கவில்லை. இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன். சிநேகிதர்களை விசாரித்தபோதுதான், இந்த வாயசைப்புப் பட்டாளம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது!

இந்தக் குறை மனத்தில் இருந்ததால்தான், ஹங்கேரி தேசத்து ஸோல்தான் கோடாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர்மேல் அத்தனை பிரியம் உண்டாயிற்று. 1882-ல் கெச்கெமேத் என்ற ஊரில் ஒரு ரயில்வே உத்தியோகஸ்தரின் பிள்ளையாகப் பிறந்தவர் அவர். பேலா பார்த்தோக்கும் அவரும் போனோகிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து, குடியானவர்களின் பாட்டுகளைச் சேகரித்தார்கள். உலகம் போற்றிய சங்கீத மேதை. அப்படிப்பட்டவர் 1929-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், சிற்றூர் ஒன்றில் பாட்டு வாத்தியாராக இருப்பவர் யார் என்பது, தலைநகரத்து இசை நாடக அரங்கின் தலைவர் யார் என்பதைவிட முக்கியம் என்று வாதாடினார். தலைவர் சரியில்லையென்றால் சீக்கிரம் போய்விடுவார். மோசமான வாத்தியாரோ முப்பது வருஷம் நிலைத்திருந்து, முப்பது வகுப்புப் பிள்ளைகளின் சங்கீத ஆசையைக் கொன்றுவிடுவார் என்பது அவர் போட்ட கணக்கு. என் வாத்தியாரை அவர் எங்கே பார்த்தார் என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

கோடாயின் வழி எளியது. பியானோ எல்லார் வீட்டிலும் இராது. குரல் எல்லாரிடமும் உண்டு. ஆகவே பாட்டிலிருந்தே தொடங்கவேண்டும், தாய்மொழியில் வழங்கும் நாட்டுப் பாட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். 'டோ' என்ற ஸ்வரத்தை ஒரே சுருதியில் கட்டிப்போடாமல், பாடுகிறவனுக்கு வசதியான இடத்தில் வைத்துக்கொள்ளும் முறையை அவரும் அவருடைய சகாக்களும் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. நம் பாகவதர்கள் ஸட்ஜத்தைத் தங்கள் குரலுக்கு ஏற்ற கட்டையில்தானே வைத்துக்கொள்கிறார்கள்! ஸ்வரத்துக்கு ஒரு கைச்சாடை காட்டும் வழக்கத்தை இங்கிலாந்தின் ஜான் கர்வனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஹங்கேரியின் பழம்பாட்டுகள் பலவற்றுக்கும் ஐந்து ஸ்வரங்களே ஆதாரம். குழந்தைகள் முதலில் கற்கும் டோ, ரே, மி, ஸோ, லா என்ற ஐந்தும் நம் மோகனத்தின் ஸ்வரங்கள்தாம்.

1950-ல் கெச்கெமேத்தில் தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் ஆரம்பப் பள்ளி ஒன்று உதயமாயிற்று. அந்த ஊரிலேயே 1970-ல் முதல் சர்வதேசக் கோடாய் கருத்தரங்கு நடந்தது. 1975-ல், பழைய பிரான்சிஸ்கன் மடம் ஒன்றைப் புதுப்பித்து, கோடாயின் பெயரால் ஆசிரியர் பயிற்சிக் கழகமும் அமைத்தார்கள். பல தேசத்துப் பாட்டு ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

அங்கே என்ன நடக்கிறது? பயிற்சி என்றதும் நமக்கு மின்விசிறிக்கடியில் அமர்ந்து பிரசங்கம் கேட்பதுதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே ஆசிரியர்கள் பாடவேண்டும். காகிதத்தில் முன்பின் கண்டிராத வரியைப் பார்த்தவுடன் பாடவேண்டும். இருவராக நின்று, ஒருவர் மேலே போக மற்றவர் கீழே நிற்கவேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே சாடை காட்டினால் வாயை மூடி, மனத்துக்குள் பாட்டைத் தொடர்ந்து, மறு சாடைக்குச் சரியான ஸ்வரத்தில் வந்து சேரவேண்டும். இருபது வருஷம் சர்வீஸ் ஆனவருக்கும் சக ஆசிரியர்கள் முன்னால் தனியாகக் குரல் எழுப்பும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்தப் படபடப்பு ஒரு கோடைக்கு ஒரு தடவையாவது வாத்தியாருக்கு வரவேண்டும் என்பது என் கட்சி. தான் தவறாகப் பாடிப் பார்த்தவர், தவறாகப் பாடும் பையனை வாயசைக்கச் சொல்லமாட்டார்.

இரண்டு வாரத்தில் ஒருவர் சங்கீத வித்வானாகிவிடுவாரா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகமாட்டார்தான். கைச்சாடைகளை மட்டும் கற்றுக்கொண்டு, ஒரு சான்றிதழோடு ஊர் திரும்பி, வகுப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரரைப் போலக் கையை வீசுகிறவர்களும் இருப்பார்கள். இந்த முறையை 2016-ல் யுனெஸ்கோ பாராட்டிப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே, 1990-க்குப் பின், ஹங்கேரியிலேயே பாட்டுப் பள்ளிகளுக்குப் பழைய ஆதரவு குறைந்துவிட்டது. பாராட்டு வேறு, பாட்டு வகுப்புக்கு நேரம் ஒதுக்குவது வேறு. இருந்தும், பள்ளியில் சங்கீதத்துக்கென்று கொஞ்சம் பணம் இருந்தால், வாத்தியம் வாங்குமுன் வாத்தியாரைக் கோடைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்பேன். அவருக்கு வழிச்செலவும் கொடுங்கள். தேர்தல் வேலைக்கும் ஜனத்தொகைக் கணக்குக்கும் அனுப்பத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா?

சுருதி சேராத பையனை என்ன செய்வது? அவன் எந்த ஸ்தாயியில் முனகுகிறானோ, வாத்தியார் அங்கே இறங்கி வரவேண்டும். அவனுடைய ஸ்வரத்தையே ஆதாரமாக வைத்து, அவனோடு சேர்ந்து பாடவேண்டும். தெருவில் ஒருவரை ஒருவர் கூவி அழைப்பதைப் போல, ஸோவிலிருந்து மிக்கு இறங்கும் இரண்டே ஸ்வரங்கள். நம் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குகிற தூரந்தான். அவன் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு அரைக் கட்டை மேலே, அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. சில வாரங்களில் அவன் மற்றப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்துகொள்ளக்கூடும்.

என் பாட்டு வாத்தியாருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்கும் கோடை விடுமுறை வந்துகொண்டுதான் இருந்தது. பள்ளிக்கூடம் மூடியதும் ஊருக்குப் போய், மாந்தோப்புக்குக் காவல் இருந்துவிட்டு ஜூன் மாதம் திரும்பி வருவார்.