விண்ணும் மண்ணும்... சட்டம் ‘கூடாது’ என்ற பள்ளத்தாக்கில் விளைந்த ஒயின்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போதும், தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ் ஊரில் எல்லோர் கண்ணும் கடல் மேல்தான். கேப் டவுன் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சின்னக் கடற்கரை ஊர் அது. ‘சதர்ன் ரைட்’ வகைத் திமிங்கிலங்கள் குட்டி போடுவதற்காக ஆண்டுதோறும் இந்தக் கரைக்கு வருகின்றன. அவற்றைப் பார்க்கப் படகு ஏற வேண்டியதுகூட இல்லை. பாறை மேல் நின்றாலே தெரியும். எந்தப் பக்கம் திமிங்கிலம் வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்வதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கடற்பாசித் தண்டில் செய்த கொம்பை ஊதி அவர் அறிவிப்பார்.

கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கூட்டம் கொஞ்சம் முதுகைத் திருப்பினால், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு தெரியும். பெயர், ஹெமல்-என்-ஆர்டே. டச்சு மொழியில் ‘விண்ணும் மண்ணும்’ என்று பொருள். பள்ளத்தாக்கின் அடியில் நின்று பார்த்தால் மலைகள் சூழ்ந்து நிற்பதால் வானமும் பூமியும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அதனால் இந்தப் பெயர் என்று சொல்கிறார்கள்.

இன்று ஒயின் பிரியர்கள் பலருக்கும் தெரிந்த பெயர் இது. ஆனால், 50 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஒயினுக்காகத் திராட்சைக் கொடி நட அனுமதியே கிடையாது!

ஒதுக்கப்பட்ட இடம்

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கப்படுவது புதிதல்ல. 1817-ல் கேப் காலனி அரசு தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் இதுதான். ஊர்க் கண்ணில் படாமல் மனிதர்களை வைக்க, மலை சூழ்ந்த இடம் வசதியாக இருந்தது. 1820-களில் மொராவியன் சபையைச் சேர்ந்த மிஷனரிகள் வந்து அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1840-களில் நோயாளிகள் அனைவரும் ராபன் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். ஆம், பின்னாளில் நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் சிறையிருந்த அதே ராபன் தீவுதான்.

இத்தனைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு ஒயின் புதிதில்லை. கேப் திராட்சையிலிருந்து முதல் ஒயின் பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2-ம் தேதி. அங்கே டச்சுக் குடியேற்றத்தை நிறுவிய யான் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். கான்ஸ்டான்ஷியா ஊரின் இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகள் வரை போனது. செயின்ட் ஹெலினா தீவில் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனும் அதை வரவழைத்துக் குடித்தார். ஆனால், இந்தக் கடலோரப் பள்ளத்தாக்கை மட்டும் ஒயின்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

குளிரைத் தேடிப் போனவர்

எட்டிப் பார்த்தவர் டிம் ஹாமில்டன் ரஸ்ஸல். அவர் விவசாயி அல்ல, விளம்பரத் துறையில் உயர் பொறுப்பில் இருந்தவர். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் விளையும் பினோ நுவா, ஷார்டனே ரகங்களுக்கு இணையாகத் தென்னாப்பிரிக்காவிலும் ஒயின் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பினோ நுவா கருந்திராட்சைதான், ஆனால் தோல் மெல்லியது. வெயில் தாங்காது, அழுகல் தாங்காது, விவசாயியைப் படாதபாடு படுத்தும். ஒயின் உலகில் இதைப் ‘பயிரிடுகிறவர் பொறுமையைச் சோதிக்கும் திராட்சை’ என்பார்கள். அதற்குக் குளிர் வேண்டும்.

ஏன் குளிர்? வெயில் அதிகமானால் திராட்சையில் சர்க்கரை மளமளவென்று ஏறும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. கூடவே பழத்தின் இயற்கையான புளிப்பு குறைந்துகொண்டே போகும். மணம் கூடுவதற்குள் பழம் பழுத்துவிடும். விளைவு, போதை ஏறும், நயம் இருக்காது. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். புளிப்பு தங்கும், மணம் சேரும். நிதானமாகச் சமைத்த குழம்புக்கும் அவசரத்தில் இறக்கியதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பர்கண்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே 47 பாகையில் இருக்கிறது. ஹெர்மானஸ் தெற்கே 34 பாகைதான். கணக்குப்படி பார்த்தால் பர்கண்டியைவிட நல்ல வெயில் அடிக்க வேண்டும். இந்தக் கணக்கை மாற்றுவது கடல். வாக்கர் விரிகுடாவின் குளிர்ந்த நீரைத் தொட்டு வரும் காற்று, கோடைப் பிற்பகல்களில் பள்ளத்தாக்குக்குள் ஏறி வந்து வெயிலைத் தணிக்கிறது. கடலிலிருந்து வரும் மேகம் மலை முகடுகளில் தங்கி நிழல் தருகிறது. திராட்சைக் கொடிக்கு இயற்கை போட்ட குளிர்சாதனம்!

பல ஆண்டுகள் தேடி அலைந்த டிம், 1975-ல் இந்தப் பள்ளத்தாக்கில் 170 ஹெக்டேர் நிலம் வாங்கினார். முழுவதிலும் கொடி நடவில்லை. கல்லும் களிமண்ணும் கலந்த சரிவுகள்தான் அவருக்குத் தேவை. இன்றும் அந்தத் தோட்டத்தில் கொடி இருப்பது சுமார் 50 ஹெக்டேரில் மட்டுமே.

குறுக்கே வந்த சட்டம்

அந்த நாளில் தென்னாப்பிரிக்க ஒயின் தொழில் மொத்தமும் கே.டபிள்யூ.வி என்ற கூட்டுறவு அமைப்பின் பிடியில் இருந்தது. 1918-ல் தொடங்கியபோது அதன் நோக்கம் நல்லதுதான். அளவுக்கு மீறி விளைந்து, விலை விழுந்து, விவசாயிகள் கடனில் மூழ்கியிருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. மிஞ்சிய ஒயினை பிராந்தி காய்ச்ச எடுத்துக்கொண்டது.

பிறகு 1957-ல் ஒதுக்கீட்டு முறை வந்தது. எந்த நிலத்தில் எவ்வளவு கொடி இருக்கலாம் என்பதை அமைப்பே தீர்மானித்தது. ஏற்கெனவே ஒயின் செய்துவந்த பகுதிகளுக்குத்தான் ஒதுக்கீடு. புது இடத்தில் நட வழியில்லை.

நல்லது செய்ய வந்த ஏற்பாடு, நாளடைவில் நல்ல ஒயினுக்கே குறுக்கே நின்றது. எப்படி விளைந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் யார் மெனக்கெடுவார்கள்? வெயில் நிறைந்த உள்நாட்டில், தண்ணீர் பாய்ச்சி, கிலோ கணக்கில் அறுவடை செய்வதுதான் லாபம். குறைவாக விளையும் குளிர்ப் பகுதிக்குப் போக யாருக்கும் காரணம் இல்லை, அனுமதியும் இல்லை.

டிம் ஒதுக்கீடு இல்லாமலே நட்டார். 1981-ல் முதல் ஒயின் வந்தது. ஆனால், பாட்டிலில் என்ன எழுதுவது? 1973-ல் வந்த விதிகளின்படி, சான்று பெற்ற ஒயினுக்குத்தான் ஊர், திராட்சை ரகம், விளைந்த ஆண்டு ஆகியவற்றைப் போட உரிமை. ஒதுக்கீடு இல்லாத தோட்டத்துக்கு அந்தச் சான்று எட்டாக்கனி. எந்த மண்ணுக்காக அவர் இத்தனை பாடுபட்டாரோ, அந்த மண்ணின் பெயரையே சொல்ல முடியாத நிலை.

பெட்டிக்குள் வந்த ஷார்டனே

கெடுபிடி அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. வெளிநாட்டிலிருந்து திராட்சைக் குச்சி கொண்டுவந்தால், நோய் இருக்கிறதா என்று சோதிக்க ஆண்டுக்கணக்கில் தனிமையில் வைப்பார்கள். 1970, 80-களில் தென்னாப்பிரிக்காவில் நல்ல ஷார்டனே நாற்றுக்குப் பெரும் தட்டுப்பாடு. பொறுமை இழந்த விவசாயிகள் சிலர் ஐரோப்பாவிலிருந்து குச்சிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார்கள்.

அதில் பெரிய வேடிக்கை ஒன்று நடந்தது. உயிரைக் கொடுத்துக் கடத்தி வந்த ‘ஷார்டனே’யில் கணிசமான பங்கு ஷார்டனேயே இல்லை! அது ஓசெர்வா என்ற வேறு ரகம். விஷயம் பெரிதாகி, 1986-ல் அரசு க்ளாப்பர் விசாரணைக் குழுவை அமைத்தது. தப்பு செய்தவர்கள் யார் என்ற கேள்வியோடு, நல்ல நாற்று கிடைக்க விடாமல் தடுத்தது எது என்ற கேள்வியும் அப்போது எழுந்தது.

நிறவெறி ஆட்சிக்கு எதிரான பொருளாதாரத் தடைகளால் உலகச் சந்தையும் அடைபட்டிருந்த காலம் அது. 1990-ல் மண்டேலா விடுதலையானார். 1992-ல் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. 1994-ல் முதல் ஜனநாயகத் தேர்தல். கேப் ஒயினுக்கு உலகின் கதவு திறந்தது.

ஒருவர் போட்ட பாதை

டிம்மிடம் முதலில் ஒயின் தயாரித்த பீட்டர் ஃபின்லேசன், பர்கண்டியைச் சேர்ந்த பால் புஷாருடன் சேர்ந்து 1989-ல் பக்கத்திலேயே புஷார் ஃபின்லேசன் தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு நியூட்டன் ஜான்சன், கிரியேஷன், அட்டராக்சியா என்று அந்தச் சாலை நெடுகத் தோட்டங்கள் முளைத்தன. 1991-ல் பொறுப்பேற்ற டிம்மின் மகன் ஆன்டனி, மற்ற ரகங்களை விட்டுவிட்டு பினோ நுவா, ஷார்டனே இரண்டில் மட்டும் கவனம் வைத்தார்.

இன்று இந்தச் சின்னப் பள்ளத்தாக்கு கீழ்ப் பகுதி, மேல் பகுதி, முகடு என்று மூன்று தனித்தனி ஒயின் வட்டாரங்களாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக உயரமும் மண்ணும் மாறும், சுவையும் மாறும். இங்குள்ள ஷார்டனேயில் எலுமிச்சைச் சாயலும் இறுக்கமான புளிப்பும் தெரியும். பினோ நுவா வெளிர் சிவப்பு. செர்ரிப் பழ மணத்தோடு ஈர மண் வாசனையும் சேர்ந்து வரும் என்கிறார்கள் சுவைத்தவர்கள்.

கசக்கும் பக்கம்

கேப் ஒயினின் கதையில் பேசாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. ‘டாப்’ முறை. தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பங்கை மலிவான ஒயினாகவே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் கேப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1960-களில் சட்டம் தடை செய்த பிறகும், பல இடங்களில் 1990-கள் வரை தொடர்ந்தது. கர்ப்பிணிகள் மது அருந்துவதால் குழந்தைகளுக்கு ஏற்படும் பிறவிப் பாதிப்பு, உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்கு கேப் மாகாணமும் ஒன்று. விலை உயர்ந்த பாட்டிலைக் கொண்டாடும்போது, விலையே இல்லாத ஒயினைக் கூலியாக வாங்கியவர்களின் வீடுகளையும் நினைக்கத்தான் வேண்டும்.

இனி வரும் கவலை வானிலை. 2015 முதல் 2018 வரை நீடித்த வறட்சியில் கேப் டவுன் குழாய்களே வற்றிவிடும் நிலைக்குப் போனது. உலகம் சூடாகச் சூடாக, ஒயின்காரர்கள் உள்நாட்டு வெயிலை விட்டுக் கடற்கரையைத் தேடுகிறார்கள். குளிர்ந்த கடலும், அதைத் தொட்டு வரும் காற்றும் இருக்கும் வரைதான் பினோ நுவாவுக்கு இங்கே வாழ்வு.

ஒரு காலத்தில் நோயாளிகளை மறைத்து வைத்த பள்ளத்தாக்கு. பிறகு கொடி நடக் கூடாது என்று காகிதத்தில் ஒதுக்கப்பட்ட பள்ளத்தாக்கு. இன்று அங்கிருந்து கிளம்பும் பாட்டிலின் லேபிளில், திராட்சையின் பெயரோடு ஊர்ப் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஹெமல்-என்-ஆர்டே என்று. எந்த மண்ணில் எது விளையும் என்பதை அலுவலகக் கோப்பு முடிவு செய்தது. மண்ணும் காற்றும் வேறு பதில் வைத்திருந்தன. அதைக் காது கொடுத்துக் கேட்க ஒருவர் வரத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

*(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)*