சேற்றில் வாழும் சிற்றுயிர்கள்

நெருளில் மாலை உலாவச் செல்லும் நம்மவர், ஓதம் வடிந்த வேளையில் கழிப்பக்கம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வர். இந்தச் சேற்றைத் தூர்த்துவிட்டால் என்ன என்று அலுத்துக்கொள்வாரும் உளர். அழுகிய முட்டையின் வாடையன்றோ அது! எனினும் அதன் பிறப்பிடத்தை அறிந்தோர் தூர்க்க நினையார்.

கழிக்கரையில் செழித்திருப்பது, நம் முத்துப்பேட்டையில் அலையாத்தி என வழங்கும் மரமே. அதன் இலையும் வேரும் சேற்றில் புதைகின்றன. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு இல்லை. ஆகவே அங்குள்ள பாக்டீரியங்கள், கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட் என்னும் கந்தக உப்பைக் கொண்டு உயிர்வாழ்கின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடே நாம் முகம் சுளிக்கும் வாடை. காற்றில்லா இடத்தில் மக்குதல் மிக மெதுவாக நிகழும். ஆதலின் தழையிலுள்ள கரியில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. மீதேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் அங்கு உண்டு. ஆனால் சல்பேட் மிகுந்துள்ள வரையில் உணவுப் போட்டியில் அவை பெரும்பாலும் தோற்றுப்போகின்றன.

இவ்வளவும் ஓதத்தை நம்பிய ஏற்பாடு. நீர் வரும் வாயை அடைத்து, மழைநீர் தேங்கி உப்புக் குறைந்தால், மீதேன் உயிர்களின் கை ஓங்கும். அவ்வாயு, நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமிலவாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. சேறு காய்ந்தாலோ, பிராணவாயு உட்புகும். வேறு பாக்டீரியங்கள் விழித்தெழுந்து, பல தலைமுறைச் சேமிப்பைக் கரியமிலவாயுவாக்கிவிடும். புதைந்திருந்த கந்தகமும் அமிலமாக மாறும். உலகின் வெப்பம் ஏற ஏற, இவ்வுயிர்களின் வேகமும் ஏறும் என்பதை மறத்தலாகாது.

இஃது ஏட்டுச் செய்தியன்று. நெருளின் டி.பி.எஸ். ஏரிக்கு ஓதநீர் வரும் வழிகள் அடைபட்டு, 2024-இல் ஏரி வற்றியதை நம்மிற் பலர் கண்டோம். சேற்றின் நீலப்பச்சை நுண்ணுயிர்களை மேய வரும் சிறு பூநாரைகளுக்கு அது எத்தகைய இடரென்று சொல்லவும் வேண்டுமோ? அருகிலுள்ள தாணே கழி, 2015-இல் பூநாரைச் சரணாலயமாகி, 2022-இல் ராம்சர் தலமும் ஆயிற்று. ஆனால் எல்லைக்கோட்டை நீரும் பறவையும் அறியா.

சதுப்புக் காடுகளில் கட்டட இடிபாடு கொட்டலாகாதென மும்பை உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வீட்டைப் புதுப்பிக்கும் அன்பர்கள், இடிபாட்டை ஏற்றிச் செல்லும் லாரி எங்கே போகிறதென்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பார்களாக.