லாபம் பலகோடி, உழைத்தவர் தெருக்கோடி!

வீடியோ விளையாட்டு விடலைகளின் பொழுதுபோக்கு. அதிலே ஏது தொழிலாளர் பிரச்சினை என்று கேட்பவர் உண்டு. விளையாட்டுக்குப் பின்னாலும் வியர்வை இருக்கிறது. வியர்வை சிந்துபவன் ஏமாற்றப்படுவதும் இருக்கிறது. அமெரிக்காவிலே, விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரிலே உள்ள ரேவன் சாப்ட்வேர் எனும் நிறுவனத்தின் கதையே அதற்குச் சான்று.

1990-ல், ரேபல் சகோதரர்கள் இருவர் தொடங்கிய சிறு கூடம் அது. 1992-ல் 'பிளாக் கிரிப்ட்', 1994-ல் 'ஹெரெடிக்', 1995-ல் 'ஹெக்சன்' என்று சொந்தக் கற்பனையிலே படைத்தார்கள், பெயர் பெற்றார்கள். 1997-ல் ஆக்டிவிஷன் எனும் பெரு நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று. 2010-க்குப் பிறகு 'கால் ஆப் டூட்டி' எனும் பணங்காய்ச்சி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதே அங்குள்ளோரின் முதல் வேலையாயிற்று.

அந்தக் கூடத்திலே சோதனையாளர் என்றொரு பிரிவினர். நெய்த துணியிலே இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பவன் ஆலையிலே இல்லையா? அதைப்போல, ஒரே காட்சியை ஓயாமல் ஆடிப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்து எழுதித் தருபவர்கள் இவர்கள். ஆடுவதற்கா சம்பளம் என்று ஏளனம் பேசலாம். கண் எரிய, முதுகு வலிக்க, மிகைநேரம் உழைப்பவனுக்குத் தெரியும், அது ஆட்டமா வாட்டமா என்று!

2021 டிசம்பரிலே, அவர்களிலே 12 பேருக்கு ஒப்பந்தம் முடிகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டது. வேலையை நம்பி, சொந்தச் செலவிலே மேடிசனுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அங்கே இருந்தார்கள். விட்டுவிட்டார்களா மற்றவர்கள்? 60-க்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தி வெளியேறினர். 2022 ஜனவரியிலே சங்கம் கண்டனர்.

நிர்வாகம் என்ன செய்தது? சோதனையாளர் மட்டும் வாக்களித்தால் போதாது, கூடத்திலுள்ள அத்தனை பேரும் வாக்களிக்க வேண்டும் என்றது. கூட்டத்திலே குரலைக் கரைக்கும் தந்திரம்! தொழிலாளர் உறவு வாரியம் அதை ஏற்கவில்லை. ஏப்ரலிலே, சுமார் 1,100 சோதனையாளர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று அறிவித்தது நிர்வாகம். ஆனால் ரேவன் சோதனையாளருக்கு மட்டும் அந்த உயர்வு கிடையாது. சட்டம் இடம் தரவில்லையாம்! சங்கம் அமைத்தவனுக்கு மட்டும் சட்டம் குறுக்கே நிற்கும் விந்தையைப் பார்த்தீர்களா?

அஞ்சவில்லை அவர்கள். 2022 மே திங்களிலே வாக்குகள் எண்ணப்பட்டன: சங்கத்துக்கு 19, எதிராக 3!

கதை அங்கே முடிந்திருந்தால் கைதட்டிவிட்டுப் போகலாம். 2023 அக்டோபரிலே, 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை மைக்ரோசாப்ட் வாங்கிற்று. அத்தனை பெரிய விற்பனை முடிந்தது. இந்தச் சிறு கூட்டத்தாரின் கூலி ஒப்பந்தமோ முடியவில்லை! இரண்டாண்டிலே 10 சதவீத ஊதிய உயர்வும், கட்டாய மிகைநேரத்துக்குக் கட்டுப்பாடும் கொண்ட ஒப்பந்தம் 2025-லேதான் கைக்கு வந்தது. வாக்கிலே வென்ற பிறகும் மூன்றாண்டுக் காத்திருப்பு!

அடக்குமுறையைவிட ஆபத்தானது தாமதம். அடித்தால் தொழிலாளி திமிறுவான். இழுத்தடித்தால் சோர்ந்து போவான் என்பது முதலாளியின் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்கள் ரேவன் தொழிலாளர்கள். நாற்காலியிலே உட்கார்ந்து கணிப்பொறியைத் தட்டுபவன் எப்படித் தொழிலாளியாவான் என்று இனிக் கேட்பவரிடம் அவர்களைக் காட்டுங்கள். கருவி வேறு, கவலை ஒன்று. சங்கம் காண்பது ஒருநாள் வேலை. ஒப்பந்தம் கைக்கு வரும்வரை கலையாமல் நிற்பதே உண்மையான வேலை!