60 சதவீதம், எதில்?

“டாக்டரம்மா, 60 சதவீதம்னு போட்டிருக்கே, அப்பா பிழைக்க அவ்வளவுதான் சான்ஸா?”

கேட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஆபரேஷனில் எடுத்த சிறுநீரகத்தின் பயாப்ஸி ரிப்போர்ட், ஏதோ வெளி லேபில் பார்த்தது. கட்டியில் சிஏ9 என்ற புரதத்துக்குச் சாயம் போட்டு, 60 சதவீத செல்களில் ஏறியிருப்பதாகத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை அவன் அப்பாவின் ஆயுளாகப் படித்துவிட்டான். இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம்.

சிஏ9 மேல் எனக்குக் கோபமில்லை. சிறுநீரகப் புற்றில் பெரும்பாலானவை ‘கிளியர் செல்’ வகை. கட்டியை அறுத்தால் முட்டை மஞ்சள் கரு நிறம், அத்தனையும் கொழுப்பு. ஸ்லைடு தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்துபோய், செல்லுக்குள் வெறும் வெளுப்புதான் மிஞ்சும். சிஏ9 சாயம் போட்டால் ஒவ்வொரு செல்லின் ஓரத்திலும் பழுப்புக் கோடு விழும், வாசலில் கட்டம் கட்டமாய்க் கோலம் போட்டதுபோல. வி.ஹெச்.எல். மரபணு கெட்டுப்போனதால், ஆக்சிஜன் இருந்தும் இல்லாத மாதிரி செல் தவிக்கிறது. அந்தத் தவிப்பில் பெருகுகிற புரதம் இது. கட்டி என்ன வகை என்று குழம்பும்போது எனக்குக் கை கொடுக்கும்.

ஆயுளைச் சொல்லுமா? 2003-ல் அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. ஆய்வாளர்கள், 85 சதவீதத்துக்கு மேல் சாயம் ஏறினால் நல்லது, குறைந்தால் ஆபத்து என்றார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். 2007-ல் மேயோ கிளினிக்கின் பெரிய ஆய்வு வந்தது. கட்டியின் கிரேடையும் நெக்ரோசிஸையும், அதாவது செத்துப்போன பகுதியையும், கணக்கில் சேர்த்ததும் சிஏ9 தனியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

நோய் பரவியவர்களின் ஆயுளைக் கணிக்க டாக்டர்கள் போடும் ஐ.எம்.டி.சி. கணக்கையே பாருங்கள். ஆறு அம்சங்களில் நான்கு, சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிடைப்பவை: ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோஃபில், பிளேட்லெட். சாயம் ஒன்றுகூட இல்லை. வகை தெளிவாகத் தெரிந்த கட்டிக்கும் ஆயுள் பார்க்கவென்று சாயத்துக்கு மேல் சாயம் எழுதித் தருவது வீண் செலவு என்றே சொல்வேன். போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், எதில் எத்தனை சதவீதம் என்றாவது புரியும்படி எழுதுங்கள்.

பேனாவை எடுத்து அந்த 60-க்குப் பக்கத்தில் ‘செல்கள்’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். “அப்போ அப்பாவுக்கு எதைப் பார்க்கணும் மேடம்?” என்றான். கட்டி 5 சென்டிமீட்டர், கிரேடு 2, நெக்ரோசிஸ் இல்லை, சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. எல்லாம் அதே ரிப்போர்ட்டில்தான் இருந்தது, இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.