பழைய கார் ஏசிக்கு புது கேஸ்... மாத்தலாமா, வேண்டாமா? 134ஏ-வுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு என்ன?

வெயில் ஏற ஆரம்பித்தாலே கார் ஏசி மெக்கானிக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். "கூலிங் வரலை" என்று போனால், "கேஸ் மாத்திடலாம் சார்" என்று பதில் வரும். எந்த கேஸை எடுத்துவிட்டு எதை அடிக்கிறார்கள்? பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன? பார்க்கலாம்.

ஏன் மாற்ற வேண்டி வந்தது?

90-களின் பழைய கார்களில் ஏசிக்குள் ஓடியது ஆர்-12. இது குளோரின் உள்ள சிஎஃப்சி வகை வாயு. இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-லேயே மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. இந்தியா 1992-ல் அதில் இணைந்தது. சிஎஃப்சி-க்களைக் கைவிட வளரும் நாடுகளுக்குத் தரப்பட்ட கெடு 2010 ஜனவரி 1. ஆர்-12-க்குப் பதிலாக கார்களுக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு ஆபத்தும் இல்லை.

கேஸை மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. ஏசி கம்ப்ரஸரைத் தேயாமல் காப்பது, கேஸோடு சேர்ந்து சுற்றி வரும் ஆயில். ஆர்-12 காலத்து மினரல் ஆயில் 134ஏ-வோடு கலக்காது. ஆயில் திரும்பி வராவிட்டால் கம்ப்ரஸர் வறண்டு ஜாம் ஆகிவிடும். அதனால் பழைய ஆயிலை வெளியேற்றிவிட்டு பிஏஜி அல்லது எஸ்டர் வகை ஆயில் ஊற்ற வேண்டும். டிரையர், ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். பிறகு வேக்குவம் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும்.

அளவிலும் கவனம் தேவை. பழைய கேஸின் அளவில் 80 முதல் 90 சதவீதம் வரை போதும். அதிகமாக அடித்தால் பிரஷர் எகிறும், கூலிங் குறையும்.

'எல்பிஜி அடிச்சா செலவு கம்மி'... உண்மையா?

ஆபத்தான யோசனை. புரொபேன், பியூட்டேன் நன்றாகவே குளிரூட்டும். வீட்டு ஃப்ரிட்ஜ்களில்கூட ஐசோபியூட்டேன் இருக்கிறது. ஆனால் அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கருவி அது, கேஸ் அளவும் ரொம்பக் குறைவு. காரில் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள். அங்கே லீக் ஆனால் எரியும் வாயு நேராக ஆட்கள் உட்காரும் இடத்துக்கே வரும். ஒரு சிறு தீப்பொறி போதும்.

போலி கேஸும் இதே அளவுக்கு ஆபத்து. 2011-ல் கப்பல்களில் செல்லும் குளிர்சாதன கன்டெய்னர்கள் வெடித்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கேஸில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்ததுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. அலுமினியத்தோடு அது சேர்ந்தால், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் பொருள் உருவாகும்.

அப்போ 134ஏ-வுக்கும் தடை வருதா?

ஓசோனுக்கு நல்லதான 134ஏ, புவி வெப்பமயமாதலில் வில்லன். கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு இது. ஒரு காரிலிருந்து 400 கிராம் வெளியேறினால், அது சுமார் 570 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

இந்த வகை வாயுக்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2021-ல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி 2028-ல் பயன்பாடு ஓர் அளவோடு நிறுத்தி வைக்கப்படும். 2032-ல் 10 சதவீதம், 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இது படிப்படியான குறைப்பு, உடனடித் தடை இல்லை. எனவே "134ஏ இனி கிடைக்காது, 1234ஒய்எஃப்-க்கு மாத்திடுங்க" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். அது விலை அதிகம், லேசாக எரியும் தன்மையும் உண்டு. அதற்கான வால்வு இணைப்புகளே வேறு.

ஆனால் விலை ஏறலாம். ஐரோப்பாவில் 2018-ல் சந்தைக்கு வரும் அளவைக் குறைத்தபோது 134ஏ விலை பல மடங்கு உயர்ந்தது. விலை ஏறும்போதுதான் போலி சரக்கும் உள்ளே வரும்.

கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை. வருஷா வருஷம் கேஸ் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், மெஷினில் இழுத்துச் சேகரிக்கும் கடையாகப் பாருங்கள். எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பானட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு மெக்கானிக் கை வைத்தாலும், தவறான கேஸ் ஏறாமல் இருக்க அந்த ஸ்டிக்கர்தான் உதவும்.