மிஸ் அடிக்கும் ஸ்கூட்டியும் ஒரு கடன் கடிதமும்



ஒரு நாள் காலை எங்கள் அலுவலகம் திறக்க முன்பே ஓர் அக்கா வாசலில் காத்து நின்றார். கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். 2009இல் கணவரைத் தொலைத்தவர். கடைசி மகள் உயர்தரம் படிக்கிறாள். விடியமுன் இடியப்பம் அவித்து ஐந்து கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவருடைய சீவியம். அதற்கு அவரிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டி.

"மிஸ், ஸ்கூட்டி மிஸ் அடிக்குது" என்றார். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் நீட்டிய துண்டைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. கராஜ் ஒன்றில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: எஞ்சின் கழற்றி வேலை, 45,000 ரூபா. அந்தப் பணத்தைக் கடனாக எடுக்க மாதர் சங்கத்துக்கு நான் ஒரு சிபாரிசுக் கடிதம் தரவேண்டும்.

இங்கே என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதேபோல் இன்னொரு சகோதரிக்கு முன்பு நான் ஒன்றும் கேட்காமல் கடிதம் கொடுத்தேன். அவர் கடன் எடுத்து எஞ்சின் வேலை செய்வித்தார். இரண்டு கிழமையில் பழையபடி அதே கோளாறு. வாகனமும் ஓடவில்லை, தவணையும் நிற்கவில்லை. அவருக்குப் பிணை நின்ற பெண்களும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டார்கள். ஆகவே இந்த முறை பேனாவை எடுக்க முன் கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன்.

புதிதாக ஒன்றை வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்ப வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய ஸ்கூட்டிகளின் விலையே எங்கேயோ போய்விட்டது. இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர எங்களில் பலருக்கு வேறு வழியில்லை.

நான் கற்றுக்கொண்ட இடம்

சமூகவியல் படித்த எனக்கு எஞ்சின் பற்றிச் சொல்லித் தந்தவர் எங்கள் அயலில் இருக்கும் ஓய்வுபெற்ற சாரதி ஐயா. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கிய காலம். நாள்கணக்காக நின்ற என் ஸ்கூட்டி ஸ்ரார்ட் ஆகவில்லை. ஐயா சிரித்துக்கொண்டு வந்தார். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர் அவர். சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். அது சரியாக எரியாததால் பிளக்கில் கரி பிடிக்கும். அதைக் கழற்றித் துடைப்பது அன்றாட வேலை.

அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, எஞ்சினுக்கு மூன்று வேணும். பெற்றோலும் காற்றும் சரியான அளவில கலக்க வேணும், நேரத்துக்குப் பொறி வேணும், உள்ளுக்கு அமுக்கம் வேணும். காசு போகாததை முதல் பார். எஞ்சினைக் கழற்றுறது கடைசி."

எப்போது, எப்படி?

மருத்துவரிடம் போனால் எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்பார் அல்லவா? வாகனத்துக்கும் அதுதான். அக்காவிடம் கேட்டேன். விடியற்காலையில்தான் கூடுதலாக மிஸ் அடிக்கிறது. மத்தியானத்தில் பெரிதாக இல்லை. அக்சிலேற்றரைத் திருகினால் தயங்கித் தயங்கி இழுக்கிறது. சைலென்சரில் கறுப்புப் புகை. பெற்றோலும் முன்பைவிடக் கூடச் செலவாகிறது.

"கராஜுக்கு எத்தினை மணிக்குக் கொண்டு போனீங்கள்?"

"பன்ரண்டு மணிக்கு, மிஸ். அப்ப அவ்வளவு அடிக்கேல்லை."

அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் நின்றேன். இனி நாங்கள் பார்த்த ஒழுங்கைச் சொல்கிறேன். எஞ்சின் ஆறிய பிறகு, வெளி இடத்தில், நெருப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

முதலில் சில்லு. நடு ஸ்ராண்டில் நிறுத்திச் சில்லைக் கையால் சுழற்றினோம். இலேசாகச் சுழன்றது. பிறேக் இறுகிப் பிடித்தாலோ ரயரில் காற்றுக் குறைந்தாலோகூட வாகனம் இழுக்காது. பலர் அதையும் எஞ்சின் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

இரண்டாவது பெற்றோல். கொஞ்சத் தூரம் ஓடி நின்று, தாங்கி மூடியைத் திறந்து மூடியதும் திரும்ப ஓடினால், மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. காபரேற்றரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்திக் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். இங்கே அந்தக் குறை இல்லை.

மூன்றாவது காற்று. எயார் பில்ரர் பெட்டியைத் திறந்தோம். கிரவல் வீதியின் செம்புழுதி பில்ரரில் பூசியதுபோல் இருந்தது. காற்றுக் குறைந்தால் பெற்றோல் மிஞ்சும். அதுதான் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும். கடதாசிப் பில்ரரைக் கழுவக்கூடாது, மெதுவாகத் தட்டலாம். கூடப் பழுதென்றால் மாற்றவேண்டும்.

நான்காவது பிளக். கழற்றினால் அது கதை சொல்லும். இளம் மண்ணிறம் என்றால் சுகம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் கூட, காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுப்பென்றால் எஞ்சினுக்குள் ஒயில் எரிகிறது. வெள்ளையென்றால் பெற்றோல் குறைவு அல்லது சூடு கூட. இவருடையது காய்ந்த கரி.

துடைத்துப் பூட்டினோம். புகை குறைந்தது, ஆனால் மிஸ் அடிப்பது நிற்கவில்லை. எனக்கும் மனம் தளர்ந்தது. அப்போது இருட்டில் குனிந்து பார்த்த மகள், "அம்மா, அங்க மின்னுது!" என்றாள். பிளக்கின் மேல் மாட்டும் தொப்பியில் மயிரளவு வெடிப்பு. அதன் வழியே நீலப் பொறி வெளியே ஒழுகியது. பனி ஈரம் பட்டால் மின்சாரத்துக்கு அது சுலபமான வழி. வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் கோளாறும் மறையும். மத்தியானத்தில் பார்த்த கராஜ்காரருக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. (எஞ்சின் ஓடும்போது அந்தத் தொப்பியையோ வயரையோ கையால் தொடாதீர்கள். பலமாக அடிக்கும்.)

பில்ரர், பிளக், தொப்பி மூன்றும் 4,000 ரூபாவுக்குள் முடிந்தது. பிறகு சத்தம் ஏறியும் வேகம் ஏறாத குறை கொஞ்சம் இருந்தது. எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டால் பெல்ற்றையும் கிளச்சையும் பார்க்க வேண்டும். வேறொரு கராஜில் திறந்து காட்டச் சொன்னோம். பெல்ற் தேய்ந்திருந்தது. கூலியோடு எல்லாமாக 9,000ஐத் தாண்டவில்லை. கடன் கடிதம் எழுதப்படவே இல்லை.

எல்லாமே இப்படி மலிவாக முடியும் என்று நான் சொல்லவில்லை. நீலப் புகை வந்து, ஒயில் குறைந்து, கிக்கரை மிதிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் போனால் அமுக்கம் போய்விட்டது என்று பொருள்படலாம். அப்போது எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். அதற்கு ஒரு கடன் தேவைப்பட்டால் அது நியாயமான கடன்.

கராஜில் கேளுங்கள்

"எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்கள், அண்ணை?" என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமான்களைக் கையில் வாங்குங்கள். செலவைத் துண்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

"வாகனத்தைப் பற்றிப் பொம்பிளையளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் சமூகம் இது. பால்நிலை வேலைப்பிரிவு என்று நாங்கள் வகுப்பில் படித்தது இதைத்தான். வீட்டில் திருகாணிச் சாவி பிடித்த கைகள் போரோடு இல்லாமல் போன பின்பும், அந்தச் சாவி எங்களுக்குரியதல்ல என்றே இருந்துவிட்டோம். அந்த இருப்புக்கு 45,000 ரூபா விலை போட்டிருந்தார்கள்.

அக்கா இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பில்ரர் பெட்டியைத் திறக்கிறார். பிளக் சாவி மகளின் பொறுப்பு. போன கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டியையும் அவள்தான் பார்த்தாளாம். மூடித் துவாரத்தில் மண். ஒரு ஊசியோடு வேலை முடிந்தது.

உங்கள் மாதர் சங்கக் கூட்டத்திலும் ஒரு நாள் யாராவது ஒருவரின் ஸ்கூட்டியை நடுவில் நிறுத்தி, பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.