நல்ல சரக்கையும் கழித்துப் போடும் செல்

நான் படிப்பது பி.காம். செல், புரதம் என்று எழுத ஆரம்பித்தால் "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள், தெரியும் :-) ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங்கில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று மண்டையை உடைத்துக் கொள்கிறோமே, அதே கணக்கு நம் உடம்புக்குள்ளும் ஓடுகிறது. அதில் பெரிய பணமும் மாட்டிக் கொண்டிருக்கிறது.

செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்று ஒன்று உண்டு. செல்லை விட்டு வெளியே போக வேண்டிய புரதங்களும், செல்லின் மேல் சவ்வில் உட்கார வேண்டிய புரதங்களும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். ரைபோசோம் அமினோ அமிலங்களைக் கோக்கத் தொடங்கும்போதே, சங்கிலியின் ஆரம்பப் பகுதியில் ஒரு முகவரி வந்துவிடுகிறது. அதைப் பார்த்ததும் ரைபோசோமை இழுத்து வந்து வலையின் சவ்வில் ஒட்ட வைக்கிறார்கள் (யார் என்று கேட்காதீர்கள், அதற்கும் தனி ஆள் இருக்கிறது). கோத்து முடிக்கும் முன்பே சங்கிலி வலைக்குள் நுழைய ஆரம்பித்துவிடும். இந்த முகவரி விஷயத்துக்காகத்தான் குந்தர் ப்ளோபெல் 1999இல் நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பணத்தில் பெரும்பகுதியை, போரில் இடிந்த டிரெஸ்டன் தேவாலயத்தைத் திரும்பக் கட்டக் கொடுத்துவிட்டார் மனிதர்.

உள்ளே போன புரதத்தைச் சரியாக மடிக்கத் துணைப் புரதங்கள் இருக்கின்றன. மடிப்பு சரியாக இருந்தால் கோல்கை உடலத்துக்கு அனுப்பி வைப்பார்கள். சரியில்லை என்றால் கழிவு முத்திரை குத்தி வெளியே தள்ளி, நொறுக்கிவிடுவார்கள். இங்கேதான் எனக்கு சுவாரசியமே. இந்த இன்ஸ்பெக்டர் பார்ப்பது மடிப்பை மட்டும்தான். சரக்கு வேலை செய்யுமா என்று சோதிப்பதே இல்லை!

இதனால் வரும் நோய்தான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சிஎஃப்டிஆர் என்ற புரதத்தில் 1480 அமினோ அமிலங்கள். செல் சவ்வில் குளோரைடு போய்வரும் வாசல் அது. நோயாளிகள் பலருக்கு அதில் 508ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஒரே ஒரு ஃபினைல் அலனின் இல்லை. மடிப்பு கொஞ்சம் கோணல். அவ்வளவுதான், கிட்டத்தட்ட மொத்தச் சரக்கும் குப்பைக்குப் போகிறது. வாசல் இல்லாமல் நுரையீரலில் சளி கெட்டியாகி, கிருமி குடியேறி, சின்ன வயதிலேயே உயிரை வாங்கிவிடும்.

1992இல் ஒரு சோதனை செய்தார்கள். இந்தக் குறையுள்ள செல்களை உடம்புச் சூட்டைவிடக் குறைந்த வெப்பத்தில் வளர்த்தார்கள். கழித்துப் போட்டிருக்க வேண்டிய புரதத்தில் கொஞ்சம் தப்பித்து மேலே வந்தது. வந்து வேலையும் செய்தது! முழுத் திறன் இல்லைதான், ஆனால் வாசல் திறந்தது. மடிப்பை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு வலுத்தது.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரைகாஃப்டா மருந்து இதைத்தான் செய்கிறது. அதில் மூன்று மருந்துகள். இரண்டு மடிப்பைச் சரிசெய்து புரதத்தை இன்ஸ்பெக்டரைத் தாண்ட வைக்கின்றன, மூன்றாவது வாசலைத் திறந்து பிடிக்கிறது. அறிமுக விலை ஆண்டுக்கு சுமார் 3,11,000 டாலர். தயாரிப்புச் செலவு ஆண்டுக்கு 6,000 டாலருக்குள் அடங்கும் என்று 2022இல் ஒரு ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டது.

ஆராய்ச்சிச் செலவை எடுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் செலவில் முதல் ரிஸ்க்கை எடுத்தது யார்? அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன். நோயாளிகளின் குடும்பங்களும் நண்பர்களும் ஓடி, நடந்து திரட்டிய நன்கொடை, சுமார் 15 கோடி டாலர். 2014இல் தன் ராயல்டி உரிமையை அது 330 கோடி டாலருக்கு விற்றது. முதலீட்டுப் பாடத்தில் சேர்க்க வேண்டிய லாபம்தான், மறுக்கவில்லை. அந்தப் பணம் மறுபடி ஆராய்ச்சிக்கே போகிறது என்று அவர்கள் சொல்வதும் சரிதான்.

ஆனால் பணம் கொடுத்த அன்றே ஒப்பந்தத்தில் விலை பற்றி ஒரு வலுவான ஷரத்து போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அன்று தெரியாது என்றால்கூட, 2012இல் இதே நிறுவனத்தின் முதல் மருந்து கலிடெகோ ஆண்டுக்கு 2,94,000 டாலருக்கு வந்தபோது தெரிந்துவிட்டதே! அதற்கு இரண்டு வருடம் கழித்து ராயல்டியை விற்றபோது, பேரம் பேசக் கையில் இருந்த கடைசிச் சீட்டும் போய்விட்டது.

இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலும் உண்டு, பலருக்குக் கண்டுபிடிக்கப்படாமலேயே போகிறது. 2023இல் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் ஆகிய நாடுகளில் நோயாளிகளும் பெற்றோரும், காப்புரிமையைத் தாண்டி மலிவு விலையில் இந்த மருந்தைத் தயாரிக்க வழிசெய்யச் சொல்லிக் கோரிக்கை வைத்தார்கள். மருந்து செய்யத் தெரிந்த கம்பெனிகள் நம் ஊரில் இத்தனை இருக்கும்போது, அந்த அனுமதியைக் கொடுத்தால் என்ன?